முப்பதுக்குக் கீழே

தொட்டஹொளெ அணையின் பிரதான வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அணைப் பாதுகாப்புப் படையில் இருக்கும் அறுபது பேரின் இடுப்பளவும் என் நோட்டில் இருக்கிறது. யாருக்கு எந்த வருஷம் தொப்பை விழுந்தது, யாருடைய மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தபோது அது வற்றியது என்று கேட்டால், பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். படைக்காரர்களின் உடம்பைப் பற்றி அரசாங்கத்துக்குத் திடீரென்று கவலை வந்தபோது, என்னை ஒருவரும் கேட்கவில்லை. இடுப்பைப் பற்றித் தையல்காரனுக்கு என்ன தெரியும்?

எல்லாம் ஒரு புகைப்படத்தால் வந்தது. ஆவணியில் அணை நிரம்பினால் மந்திரி வந்து பாகினம் விடுவார். முறத்தில் சேலை, வளையல், மஞ்சள் கிழங்கு எல்லாம் வைத்து, நிரம்பி நிற்கும் தண்ணீருக்குச் சீர் கொடுப்பதுபோல விடுவது இங்கே வழக்கம். படை பக்கவாட்டில் விறைத்து நிற்கும். போன வருஷம் பத்திரிகையில் வந்த படத்தில் முறம் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, மூன்று ஹவல்தார்களின் தொப்பை வரிசையாகத் தெரிந்தது. மந்திரியின் முகம்தான் தெரியவில்லை. மந்திரி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். பத்திரிகையை நாலாக மடித்துக் கமாண்டெண்ட் இனாம்தாரின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ஜனவரியில் உத்தரவு வந்துவிட்டது.

கமாண்டெண்ட் இனாம்தார் ஆறடி இரண்டங்குலம். அவருக்கும் நான்தான் தைக்கிறேன். இடுப்பளவைச் சொல்வது தொழில் தர்மம் இல்லை. கால்சட்டைக்குத் துணி இரட்டை அகலத்தில் எடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் அணிவகுப்பு மைதானத்தில் மேடை ஏறிப் பேசியது என் கடை வரை கேட்டது.

"கேளுங்கய்யா. இந்த அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு நமக்கு அடிக்கணக்குல தெரியும். நம்ம ஆளுங்ககிட்ட எவ்வளவு உடம்பு இருக்குன்னு இத்தனை வருஷமா தெரியாது. இது வெட்கக்கேடு. இனிமே மாசாமாசம் பி.எம்.ஐ. எடுப்போம். பயப்பட ஒண்ணுமில்லை, சின்னக் கணக்கு. உன் எடை எத்தனை கிலோ? அதை உன் உயரத்தால வகு. உயரம் மீட்டர்ல. வந்த விடையை மறுபடியும் அதே உயரத்தால வகு. கடைசியா ஒரு எண் வரும் பாரு, அதுதான் நீ. இருபத்தஞ்சுக்குக் கீழன்னா ஆரோக்கியப் பட்டியல். அதுக்கு மேல முப்பது வரைக்கும் எச்சரிக்கைப் பட்டியல். முப்பதுக்கு மேலன்னா மூணு மாசம் டயம் குடுப்பேன். அப்புறம் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

வரிசையிலிருந்து ஜவரேகௌடா கை தூக்கினார். அவர் கோதாவில் வளர்ந்த ஆள். தசராவில் குஸ்தி பிடித்து வெள்ளிக் கதாயுதம் பரிசு வாங்கியவர்.

"சார், எதுக்கு ரெண்டு தடவை வகுக்கணும்?"

"அரசாங்கத்துல எந்தக் காரியத்தையும் ஒரு தடவையோட விடறதில்லப்பா. ரெண்டாவது தடவை சரிபார்க்கிறது."

"அதிகாரிங்களுக்கும் உண்டுங்களா சார்?"

கமாண்டெண்ட் கோபப்படவில்லை. பெரிய மனசோடு விளக்கினார். "உங்க உடம்புல இருக்கிறது எடை. அதிகாரி உடம்புல இருக்கிறது பொறுப்பு. பொறுப்பை வகுக்க முடியாது. வகுத்தா நிர்வாகம் என்ன ஆகும்?"

எடை எடுக்க ஆரம்பித்ததிலிருந்து சல்யூட் அடிக்கும்போது பெயரோடு எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. விடுப்பு விண்ணப்பத்தில் எண். காவல் முறைப் பட்டியலில் எண். குவார்ட்டர்ஸ் கதவில் எண். மாதம் மாறினால் அழித்து எழுத வசதியாகச் சாக்கட்டியில். குழாயடியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "உங்க வீட்டுல எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டார்கள். இருபத்தேழு வீட்டுக்காரி குடத்தை முதலில் வைத்தாள், இருபத்தொன்பது வீட்டுக்காரி ஒதுங்கி நின்றாள். முப்பதைத் தாண்டிய வீட்டுக்காரிகள் தண்ணீர் பிடிக்க மத்தியானத்தில் வந்தார்கள்.

முதல் எடை போடும் நாள் பிப்ரவரியில் வந்தது. படையின் எடை மிஷின் எண்பதுக்கு மேல் போக மறுத்ததால் வெல்ல மண்டியிலிருந்து பெரிய தராசும், கூடவே அதை ஆளும் நிங்கப்பனும் வந்தார்கள். நிங்கப்பன் முப்பது வருஷம் வெல்லம் நிறுத்தவன். ஒவ்வொரு ஆளையும் ஏற்றி, எடையைப் பாட்டாக இழுத்துச் சொல்லி, கடைசியில் ஒரு கிலோ தள்ளினான்.

"எதுக்குய்யா ஒரு கிலோ தள்ளுறே?" என்றார் கமாண்டெண்ட்.

"சாக்குக் கழிவுங்க."

"இவங்க வெல்லம் இல்லைய்யா."

"சட்டை, பூட்ஸு, பெல்ட்டு போட்டிருக்காங்களே சாமி. அது சாக்குதானுங்களே?"

அந்த ஏற்பாட்டில் நியாயமாக நடந்துகொண்ட ஒரே ஆள் நிங்கப்பன்தான். அவனை மத்தியானமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சன்னபசவையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹவல்தார். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்துமூன்று வருஷம் அந்த அணை மேல் நின்றிருக்கிறார். மதகுப் பக்கம் செல்ஃபி எடுக்க ஏறும் பிள்ளைகளை விரட்டுவது தவிர யாரையும் அதட்டியது கிடையாது. அடுத்த வருஷம் மார்ச் முப்பத்தொன்றில் ஓய்வு. ஒழுங்காக ஓய்வு பெறுகிறவனுக்கு மாலை, சால்வை, பென்ஷன். வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனுக்கு ஒரு காகிதமும், குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பதினைந்து நாளும். அவருக்கு வேறு வீடு கிடையாது. பிள்ளைகளும் இல்லை. மனைவி புட்டதாயம்மாவும் அவரும், அந்த ஒன்றரை அறையும்தான்.

படையின் மருத்துவர் டாக்டர் ஹுலியூர் அவரை நிறுத்தி அளந்தார். எண்பத்து நாலு கிலோ. நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். கால்குலேட்டரைத் தட்டினார்.

"முப்பது புள்ளி எட்டு."

சன்னபசவையா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "டாக்டர், என் சர்வீஸ் புக்ல உயரம் நூத்தி எழுபதுன்னு இருக்குங்க. நூத்தி எழுபது போட்டா இருபத்தொம்பதுதான் வரும். படையில பையன்கள்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க."

"அப்படியா? உங்க சர்வீஸ் புக்கை இங்க வந்து நிக்கச் சொல்லுங்க, அதுக்கும் ஒரு எண் போட்டுத் தரேன். அடுத்த ஆள்."

சர்வீஸ் புக் பேச்சைச் சன்னபசவையா எடுத்திருக்கக் கூடாது. உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. தன் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொண்டார். மறுநாள் அலுவலகக் கண்காணிப்பாளர் வெங்கோபராவ் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலக ஜன்னலுக்குத் திரை மாட்ட நான் அப்போது ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்ததால், நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

வெங்கோபராவ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "சன்னபசவையா, அரசாங்கம் உங்களை எடுத்தப்போ நூத்தி எழுபது இருந்தீங்க. இப்போ நூத்தி அறுபத்தஞ்சு இருக்கீங்க. நடுவுல அஞ்சு சென்டிமீட்டர். அதை என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க சார்."

"அதைத்தான் குற்றச்சாட்டுல எழுதியிருக்கு. ஒண்ணும் பண்ணாம விட்டுட்டீங்க."

"சார், நான் எப்பவுமே இதே உயரம்தானுங்க. சின்ன வயசுலேர்ந்து."

"அப்போ பொய் உயரம் காட்டி வேலையில சேர்ந்தீங்க. குறைஞ்சபட்சம் நூத்தி அறுபத்தெட்டு வேணும். அது மோசடி."

"இல்லைங்க சார். வயசாச்சு, தேய்ஞ்சிருக்கும்."

"அப்போ உடம்பு லாயக்கில்லை. டிஸ்மிஸ் இல்லை, மருத்துவ நீக்கம். கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

"அப்போ நூத்தி எழுபதுதானுங்க."

"டாக்டர் தப்பா அளந்தாருன்னு சொல்றீங்க. மேலதிகாரி மேல பொய்ப் புகார். அதுக்குத் தனி விதி இருக்கு." வெங்கோபராவ் அனுதாபத்தோடு காகிதத்தை நீட்டினார். "மூணுல எது வேணுமோ நல்லா யோசிச்சு எழுதுங்க. உங்க சுதந்திரத்துல நாங்க தலையிட மாட்டோம்."

ஆதாரமாகப் பழைய ஆள்சேர்ப்புப் பதிவேட்டை மேசை மேல் விரித்து வைத்திருந்தார்கள். ஸ்டூல் மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வருஷம் சேர்ந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். முதல் வரியில் காளய்யா, உயரம் நூற்று எழுபது. அதற்குக் கீழே நாற்பத்தோரு பெயர்கள். உயரக் கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்னக் கோடுகள். மேற்படி, மேற்படி, மேற்படி. அன்றைக்கு வெயில் அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஒருவனை அளந்ததும் எழுத்தருக்குப் போதும் என்று தோன்றியிருக்கிறது.

பக்கத்தின் அடியில் அந்த எழுத்தரின் கையெழுத்து இருந்தது. பார்த்துவிட்டு வெங்கோபராவைப் பார்த்தேன். அவர் விரல் சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு இருந்தது. அப்போது அவர் மூக்குக்கண்ணாடி போடாத இளைஞராக இருந்திருப்பார்.

ஆகையால் நாற்பத்திரண்டு பேரும் நூற்று எழுபது என்பது மாற்ற முடியாத உண்மை ஆயிற்று. அவர்களில் இன்னும் வேலையில் இருந்த பதினேழு பேருக்கும் குறிப்பாணை பறந்தது. குட்டையாக இருந்தவர்களுக்கு உயரத்தைப் பேணத் தவறிய குற்றம். ஜவரேகௌடா நூற்று எழுபத்து மூன்று இருந்தார். அவருக்கு அனுமதியில்லாமல் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்த குற்றம். சரியாக நூற்று எழுபது இருந்த காளய்யாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சன்னபசவையா அன்று சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்தார். டீயைக் கொடுத்தேன், பாதி மடியில் சிந்தியது.

"டெய்லரே, நான் எதை எழுதுறது? எதை எழுதினாலும் வெளியே போற கதவுதான் திறக்குது."

"எதையும் ஒத்துக்காதீங்க. டயம் கேளுங்க."

இரண்டு பேரும் யோசித்து எழுதினோம்: 'மேற்படி ஐந்து சென்டிமீட்டர் எப்போது, எங்கே தொலைந்தது என்பது அடியேனுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறேன். கால அவகாசம் தர வேண்டுகிறேன்.' நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். தொண்ணூறு நாள் அவகாசம் எழுத்தில் கிடைத்தது. தேடும் பணியின் முன்னேற்றத்தை வாரம் ஒருமுறை தெரிவிக்கவும் உத்தரவு.

உயரம் கிடைக்கப்போவதில்லை. அவர் கையில் இருந்தது எடைதான். நூற்று அறுபத்தைந்திலேயே முப்பதுக்குக் கீழே போக இரண்டரைக் கிலோ குறைந்தால் போதும். மத்தியானம் மூன்று உருண்டை ராகிக் களி சாப்பிடுகிற மனிதர் ஒன்றாக்கினார். பிறகு அரையாக்கினார். விடியற்காலையில் அணை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பயம் மட்டும் குறையவில்லை. பயம் என்றால் சும்மா இல்லை. வீட்டுக் கதவை யாராவது தட்டினால், காலி செய்யச் சொல்லத்தான் வந்துவிட்டார்கள் என்று எழுந்து நிற்பாராம். புட்டதாயம்மா பால் வாங்கிக்கொண்டு வந்து தட்டினாலும் அப்படித்தான்.

மார்ச் மாத எடையில் எண்பத்தொன்றரை. எண் இருபத்தொன்பது புள்ளி ஒன்பது. தப்பித்தார். நான் கால்சட்டையை இரண்டு அங்குலம் பிடித்துக் கொடுத்தேன்.

"விட்டது சனி. இனிமே நல்லா சாப்பிடுங்க," என்றேன்.

நன்றாகத்தான் சாப்பிட்டார். முன்பைவிட அதிகமாகவே சாப்பிட்டார் என்று புட்டதாயம்மா சொன்னார். ஏப்ரலில் எழுபத்தேழு. கால்சட்டையை மறுபடி பிடித்தேன். ஜூனில் எழுபத்தொன்று. பின்பக்கம் இரண்டு பாக்கெட்டும் ஒட்டிக்கொண்டன. இதற்கு மேல் பிடித்தால் கால்சட்டை ஒரே பாக்கெட்டாகிவிடும் என்று புதிதாக வெட்டினேன். கடைக்கு வந்தால் முதல் வேலையாக என் பானையிலிருந்து நாலு சொம்பு தண்ணீர் குடிப்பார். பத்து நிமிஷத்தில் கடைக்குப் பின்னால் போவார். வந்து மறுபடி குடிப்பார்.

"பயம்தான் டெய்லரே. உள்ள இருந்து தின்னுது," என்பார்.

நானும் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. இடுப்பு இப்படிக் கரைவதை என் நோட்டில் நானே எழுதினேன். எழுதிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன்.

டாக்டர் ஹுலியூருக்கு ஒரே சந்தோஷம். சன்னபசவையாவின் எண் மாதாமாதம் இறங்குவதைக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்.

"டாக்டர், ராத்திரியில அஞ்சு தடவை எழுந்திருக்கேன். தாகம் அடங்கவே மாட்டேங்குது. கண்ணும் மங்கலா இருக்கு. பயமா இருக்குங்க."

"தண்ணி நிறைய குடிக்கிறது நல்லது. எழுந்து நடக்கிறதும் உடற்பயிற்சிதான்."

"கண்ணு?"

டாக்டர் படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க, ரெண்டே கட்டம். எடை, உயரம். கண்ணுக்குக் கட்டம் இல்லை." பிறகு, நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹவல்தார், உங்ககிட்ட சொல்றேன். இந்தக் கணக்கு தனி ஆளுக்காகப் போட்டதே இல்லை. பெல்ஜியத்துல நட்சத்திரம் பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தர், கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்ன, ஜனங்களோட சராசரி உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கப் போட்டது. சதை எது, கொழுப்பு எதுன்னுகூட இதுக்குத் தெரியாது. ஏதோ சந்தேகம் வந்தா மேற்கொண்டு சோதிக்க ஒரு ஆரம்பம், அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் பரீட்சையில கேட்டாங்க, நல்ல மார்க் வாங்கினேன்."

"அப்போ மேற்கொண்டு சோதிச்சுப் பாருங்களேன் டாக்டர்."

"சந்தேகம் வந்தாத்தானே? உங்க எண்ணுல சந்தேகமே இல்லையே."

அந்த எண்ணுக்குச் சதை எது என்று தெரியாததால் ஜவரேகௌடா மே மாதமே போய்விட்டார். தொண்ணூற்றெட்டுக் கிலோ, அத்தனையும் குஸ்தி உடம்பு. மூன்று மாதம் பட்டினி கிடந்தும் முப்பத்திரண்டுக்குக் கீழே வரவில்லை. அவர் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போன அன்றைக்குக் கமாண்டெண்டின் ஜீப் சேற்றில் சிக்கியிருந்தது. ஆரோக்கியப் பட்டியலில் இருந்த ஆறு பேர் தள்ளிப் பார்த்து மூச்சு வாங்க நின்றார்கள். ஜவரேகௌடா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி மேட்டில் வைத்தார். கமாண்டெண்ட் கண் கலங்கிப்போனார்.

"உன்னை மாதிரி ஆள் கிடைக்காதுய்யா. எண் மட்டும் கொஞ்சம் ஒத்துழைச்சிருந்தா வெச்சிருப்பேன்."

அந்த வருஷத்தின் சிறந்த உடல்நலக் கேடயம் படையிலேயே ஒல்லியான காவலர் சித்தையாவுக்குப் போயிற்று. எண் பத்தொன்பது. கேடயத்தை வாங்கும்போது அவருக்கு இருமல் வந்துவிட்டதால், வேறு இருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் அணை நிரம்பியது. அந்த மாதம் சன்னபசவையா அறுபத்தேழு கிலோ. எண் இருபத்து நாலு புள்ளி ஆறு. படையில் யாரும் இவ்வளவு தூரம் இறங்கியதில்லை என்று அவரை மந்திரிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். சட்டை தோளில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். மந்திரியின் முகம் இந்தத் தடவை எல்லாப் படத்திலும் தெளிவாக விழுந்தது. அவர் முறத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். நல்ல உற்சாகம்.

"பதினேழு கிலோவாமே. எப்படிய்யா இறக்கினே?"

சன்னபசவையாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மந்திரிக்கு முன்னால் யோசிக்கவும் தெரியாது.

"பயத்துலங்க."

மந்திரி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு கமாண்டெண்டைப் பார்த்தார். "நல்ல முறையா இருக்கே. செலவே இல்லை."

ஐந்தே நாளில் உத்தரவு வந்தது. தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஆறரை வரை படையினருக்கு அச்சப் பயிற்சி. பயிற்றுநர்: ஹவல்தார் சன்னபசவையா. பயிற்றுநர் செய்வதை வகுப்பினர் அப்படியே செய்ய வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அவகாசம் நீண்டுகொண்டே போன, காணாமல் போன ஐந்து சென்டிமீட்டர் கோப்பும் அன்றே மூடப்பட்டது. 'எண் திருப்திகரமாக உள்ளபடியால் உயரம் தேவைப்படவில்லை' என்று வெங்கோபராவ் எழுதினார். எழுதிவிட்டு அவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வேலை தப்பியது. பென்ஷன் தப்பியது. சந்தோஷமாக இருக்க வேண்டிய சாயங்காலம் புட்டதாயம்மா என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டெய்லரண்ணா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. அவர் போயிட்டு வந்தா குளியலறை ஓரமெல்லாம் எறும்பு மொய்க்குது. கழுவிவிட்டாலும் மறுபடி வருது. ஏன் அப்படி?"

தர்மபுரியில் என் அண்ணன் வீட்டில் இந்த எறும்பை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் இப்போது இல்லை.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. தள்ளாதீங்க."

லீவு வேண்டுமே. அந்த அம்மாள் நேராகக் கமாண்டெண்டின் அறைக்கே போனார். துணைக்கு நானும் போய்க் கதவோரம் நின்றேன். கமாண்டெண்ட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நோய்க்கு லீவு தர்றதுக்கு நான் தயார்மா. ஆனா நோயாளின்னு காட்டணும்னா எண் கெட்டுப்போயிருக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு இருபத்து நாலு புள்ளி ஆறு. படையிலேயே இவர்தான் முன்னுதாரணம். இந்த எண்ணை வெச்சுக்கிட்டு நோய்வாய்ப்பட விதியில இடமே இல்லை. போயி சந்தோஷமா இருங்க. நாளைக்கு வகுப்பு இருக்கு."

"சார், அவர் உருகிட்டிருக்காரு. பார்த்தா தெரியலையா?"

"பார்க்கிறதை வெச்சு முடிவு பண்ணினா நிர்வாகம் நடத்த முடியாதும்மா. அதுக்குத்தான் எண்."

புட்டதாயம்மா வெளியே வந்து, "கல்லுகிட்டப் பேசினாலும் திரும்ப எதிரொலியாவது வரும்," என்றார். அழவில்லை. எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காலை ஆறு மணி. காவலுக்கு நின்றவர்கள் போக நாற்பது பேர் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். சன்னபசவையா அவர்களுக்கு எதிரே நின்றார். நான் கடையைத் திறக்காமல் வாசல் கம்பிக்கு வெளியே புட்டதாயம்மாவோடு நின்றேன். கமாண்டெண்ட் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பயப்படுங்க," என்றார் சன்னபசவையா. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

நாற்பது பேரும் அவரையே பார்த்தார்கள். தோள் எலும்பு, கன்னக் குழி, காலரின் உள்ளே இரண்டு விரல் போகும் இடைவெளி. ஒருவரும் அசையவில்லை. உண்மையில் வகுப்பு அப்போதே நடந்துகொண்டிருந்தது.

சன்னபசவையா திரும்பி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை, ஓட உடம்பில் ஒன்றும் இல்லை. அதைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போகும் என்ற பயத்தை உயிர் போகும் என்ற பயம் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். மனைவியிடம் வந்து, "வா, போகலாம்," என்றார்.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. நாற்பது பேரும் இரண்டிரண்டாக அணிவகுத்து வந்துகொண்டிருந்தார்கள். பயிற்றுநர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. வாசல் காவலர் சல்யூட் அடித்துக் கம்பியைத் தூக்கினார். வழியில் சன்னபசவையா இரண்டு இடத்தில் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது பேரும் இரண்டு இடத்தில் நின்றார்கள்.

தாலுகா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துக் கிளம்பவிருந்த சிஸ்டர் ஐரின் வாசலுக்கு வந்து பார்த்தார்.

"என்னய்யா, கலவரமா?"

சிஸ்டர் சன்னபசவையாவின் முகத்தைப் பார்த்தார். கிட்டே வந்து அவர் மூச்சை முகர்ந்தார். பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படித் தாகம்?"

ஏழு மாதத்தில் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் அரசாங்க ஊழியர் அவர்தான். சன்னபசவையா விரலை நீட்டினார். சிஸ்டர் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். ரத்தத்தில் சர்க்கரை ஐநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பாரு. அப்புறம் எழுப்ப முடிஞ்சிருக்காது," என்று புட்டதாயம்மாவிடம் சொல்லிக்கொண்டே சிஸ்டர் திரும்பினால், நாற்பது விரல் வரிசையாக நீண்டிருந்தன. அவர் ஏன் என்று கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகக் குத்தினார். ஒன்பது பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதில் நாலு பேர் ஆரோக்கியப் பட்டியல். சித்தையாவின் இருமலைக் கேட்டதும் அவர் கையில் சளி எடுக்க ஒரு டப்பாவைக் கொடுத்துத் தனியாக உட்கார வைத்தார். ஒருவரையும் அவர் உயரம் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு வெங்கோபராவ் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் குறிப்பாணை. 'முன் அனுமதியின்றி நோய்வாய்ப்பட்டமைக்கும், திருப்திகரமான எண்ணுக்கு விரோதமாக நடந்துகொண்டமைக்கும்' விளக்கம் கேட்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்தவரின் நெஞ்சு மேல் அதை வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கப் பேனாவைத் திறந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வெளிய நில்லுங்க," என்றார் சிஸ்டர்.

வெங்கோபராவ் வெளியே போய் நின்றார்.

சன்னபசவையா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. சிஸ்டர் பாட்டிலை மாட்டி, நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், என் எண் எவ்வளவு?"

"ஐநூத்திப் பன்னெண்டு."

"எவ்வளவுக்குக் கீழ வரணும்?"

"இப்போதைக்கு இருநூறுக்குக் கீழ வந்தாப் போதும்."

அவர் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு இறக்க வேண்டும். கதவு தட்டும்போது செய்வதுபோல எழுந்து நிற்கப் பார்த்தார். புட்டதாயம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாள் டயம் குடுப்பீங்க சிஸ்டர்? அதுக்குள்ள இறங்கலைன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

"இறங்கலைன்னா எப்படி அனுப்புவாங்க? இறங்கினாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்," என்றார் சிஸ்டர், நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையை நல்லா நீட்டுங்க."

சன்னபசவையா கையை நீட்டினார். பிறகு சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழ ஆரம்பித்தார். ஊசி வலிக்கிறது என்று நினைத்து சிஸ்டர், "அவ்வளவுதான், அவ்வளவுதான், போட்டாச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.